முகிலுக்குள் எண்ணிப் பார்த்தது யார்? செயற்கை மழை அறிவிப்புகளும் பறக்கும் அளவுகருவிகளும்

2025 ஆம் ஆண்டின் இறுதியில், ஒரு மாத இடைவெளிக்குள், எமது பிராந்தியத்தில் வானத்தோடு தொடர்புடைய இரண்டு செய்திகள் வெளிவந்தன. முதலாவது டில்லியில் இருந்து. ஒக்ரோபர் 28 ஆம் திகதி, கான்பூர் தொழில்நுட்பக் கழகத்தின் சிறிய செஸ்னா விமானம் டில்லிக்கு மேலாகப் பறந்து, வெள்ளி அயடைட்டும் உப்பும் கலந்த சுடர்களை எரித்து முகிலுக்குள் விட்டது. மழை பெய்தால் காற்று மாசு கழுவப்படும் என்பது எதிர்பார்ப்பு. டில்லியில் மழை பெய்யவில்லை. இரண்டாவது செய்தி எங்களுடையது. நவம்பர் கடைசி வாரத்தில் டித்வா சூறாவளி இலங்கையைக் கடந்து சென்றது. 600க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். மலையகம் சரிந்தது. மாவிலாற்றின் அணைக்கட்டு உடைந்து மூதூர்ப் பக்கம் வெள்ளக்காடானது.

பௌதிகவியல் படிப்பித்தவன் என்பதால் அந்த நாட்களில் என்னிடம் பலர் கேட்ட கேள்வி ஒன்று உண்டு. விமானத்தில் மருந்து தூவி மழையை வரவழைக்கலாம் என்றால், இந்த வெள்ளத்தையும் யாரோ வரவழைத்திருக்கலாம்தானே? கேட்டவர்கள் படிக்காதவர்கள் அல்லர். வானத்தில் இருந்து வந்த எதையும் தற்செயலாக எடுத்துக்கொள்ள முடியாத வாழ்க்கையை வாழ்ந்தவர்கள். ஆகவே சிரித்துவிட்டுக் கடந்து போக எனக்கு மனம் வரவில்லை.

மழையை வரவழைத்தோம் என்ற பெருமைக்கும், வெள்ளத்தை ஏவிவிட்டார்கள் என்ற சந்தேகத்துக்கும் கேட்கவேண்டிய கேள்வி ஒன்றுதான். அந்த முகிலுக்குள் எத்தனை துளிகள், எவ்வளவு பெரிய துளிகள் இருந்தன என்று யார் எண்ணிப் பார்த்தார்கள்? இது எண்ணக்கூடிய விடயம். அதற்கென்றே விமானங்களின் இறக்கையில் பொருத்தும் கருவிகள் அரை நூற்றாண்டாக இருக்கின்றன. செயற்கை மழை பற்றிய அறிவிப்புகளில் மிக அரிதாகப் பேசப்படுபவையும் அவைதான்.

முகிலில் உள்ள துளி ஒன்றின் விட்டம் பொதுவாக 10 முதல் 20 மைக்ரோமீற்றர். தலைமயிரின் தடிப்பில் நாலில் ஒன்று, ஐந்தில் ஒன்று என்று வைத்துக்கொள்ளலாம். சுண்டுவிரல் நுனியளவு இடத்துக்குள் இப்படியான துளிகள் சில நூறு மிதந்துகொண்டிருக்கும். இவை விழுவதில்லை. விழுந்தாலும் வழியிலேயே ஆவியாகிவிடும். 2 மில்லிமீற்றர் விட்டமுள்ள ஒரு மழைத்துளி உருவாக ஏறத்தாழ 10 இலட்சம் முகில் துளிகள் ஒன்றுசேர வேண்டும். அந்த ஒன்றுசேர்தல் எப்போது தொடங்கும், எப்போது தொடங்காமலேயே முகில் கலைந்துபோகும் என்பதுதான் மழையின் முழு இரகசியமும்.

செயற்கை மழை என்பது இந்த இடத்தில் ஒரு சிறு தள்ளுதல் மட்டுமே. இரண்டு விதமாகத் தள்ளலாம். முகிலின் உயரமான பகுதிகளில் வெப்பநிலை பூச்சியத்துக்குக் கீழே போன பின்னரும் நீர் உறையாமல் துளியாகவே இருப்பதுண்டு. அங்கே வெள்ளி அயடைட்டுத் துணிக்கைகள் போனால் அவற்றைப் பற்றிக்கொண்டு பனிப்பளிங்குகள் வளரத் தொடங்கும். சூடான முகில்களில் உப்பைத் தூவினால், அது ஈரத்தை இழுத்துப் பெரிய துளிகளை உருவாக்கும். பெரியது சிறியதை விழுங்கிக்கொண்டு கீழிறங்கும். ஆனால் முதலாவது வழிக்கு உறையாத நீர் போதியளவு இருக்க வேண்டும். இரண்டாவது வழிக்கு முகில் தடிப்பாகவும் ஈரமாகவும் இருக்க வேண்டும். இல்லாத முகிலில் எதைத் தூவினாலும் ஒன்றும் நடக்காது.

டில்லிப் பறப்புக்குப் பின்னர் சொல்லப்பட்ட விளக்கம், ஈரப்பதம் 10 முதல் 15 வீதம்தான் இருந்தது என்பதாகும். பள்ளிக்கூடப் பௌதிகமே இங்கே ஒரு கேள்வியைக் கேட்கும். முகிலுக்குள் காற்று ஏறத்தாழ 100 வீத ஈரப்பதத்துடன் இருக்கும். அதனால்தான் அங்கே துளி இருக்கிறது. அப்படியானால் 10, 15 என்பது எந்த இடத்தின், எந்த உயரத்தின் அளவு? முகிலுக்குள் ஒரு கன மீற்றர் காற்றில் எத்தனை கிராம் நீர் இருந்தது, துளிகளின் பருமன் என்ன என்ற எண்கள்தான் அங்கே பேசியிருக்க வேண்டியவை. பத்திரிகைகளுக்கு வந்து சேர்ந்தது ஈரப்பத வீதம் மட்டுமே.

இந்த எண்களை எப்படிப் பெறுகிறார்கள் என்பதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல விரும்புகிறேன்.

ஆரம்ப காலத்தில் எண்ணெய் அல்லது புகைக்கரி பூசிய கண்ணாடித் தகட்டை விமானத்துக்கு வெளியே ஒரு கணம் நீட்டி, பட்ட துளிகளின் அடையாளத்தை நுணுக்குக்காட்டியில் எண்ணினார்கள். பின்னர் சூடாக்கிய கம்பி வந்தது. கம்பியில் படும் துளிகள் ஆவியாகும்; கம்பியின் வெப்பநிலை குறையாமல் வைத்திருக்க எவ்வளவு மின்சாரம் தேவைப்படுகிறது என்பதில் இருந்து காற்றில் இருந்த நீரின் அளவைக் கணிக்கலாம். 1978 இல் அவுஸ்திரேலியாவின் வொறன் கிங் அமைத்த கருவி இந்த வகை. எங்கள் வீட்டு மின்னழுத்தியில் தண்ணீர் தெளித்தால் நடப்பதுதான். அதையே கணக்காகப் பிடித்திருக்கிறார்கள்.

பெரிய மாற்றம் 1970களில் அமெரிக்காவின் கொலராடோ மாநிலத்தில், போல்டர் நகரில் நடந்தது. றொபேட் நொலன்பேர்க் என்பவர் லேசர் ஒளியைக் கொண்டு துளிகளை எண்ணும் கருவிகளை உருவாக்கினார். ஒரு வகையில், துளி ஒளிக்கற்றையைக் கடக்கும்போது முன்னோக்கிச் சிதறும் ஒளியின் அளவு துளியின் பருமனைச் சொல்லும். இன்னொரு வகையில், வரிசையாக அடுக்கிய சிறு ஒளியுணரிகளின் மேல் துணிக்கையின் நிழல் விழும். விமானம் முன்னே போகப் போக, நிழல் வரிவரியாகப் பதிவாகி ஒரு படமாகும். வட்டமாக இருந்தால் துளி. ஆறு கிளையோடு இருந்தால் பனிப்பளிங்கு. ஊசிபோலவும் தூண்போலவும் கூட வரும். முதலில் 32 உணரிகளோடு வந்த இந்தக் கருவி, இன்று 128 உணரிகளோடு 10 மைக்ரோமீற்றர் நுணுக்கத்தில் படம் பிடிக்கிறது. ஆலங்கட்டியை அளப்பதற்கும் தனிக்கருவி உண்டு. தெற்கு டகோட்டாவில் ஒரு பழைய டி-28 இராணுவப் பயிற்சி விமானத்துக்குக் கவசம் பூட்டி, இடிமுகிலின் நடுவே விட்டு, 2000களின் நடுப்பகுதி வரை பறந்தார்கள்.

ஆனால் இந்தக் கருவிகள் எவ்வளவு காற்றைப் பார்க்கின்றன? துளி எண்ணும் லேசர் கருவியின் பார்வைப் பரப்பு சுமார் 0.3 சதுர மில்லிமீற்றர். விமானம் செக்கனுக்கு 100 மீற்றர் போகிறது என்றால், ஒரு செக்கனில் அது சோதிப்பது 30 கன சென்ரிமீற்றர் காற்று. முழுதாக ஒரு மணித்தியாலம் முகிலுக்குள்ளேயே பறந்தாலும் 108 லீற்றர்தான். கிணற்றடியில் நிற்கும் பீப்பாவில் பாதி. ஒரு கன கிலோமீற்றர் முகிலில் 1 இலட்சம் கோடி லீற்றர் காற்று இருக்கிறது. ஆகவே ஒரு தடவை பறந்து, ஒரு முகிலைக் கண்டு, ஒரு முடிவுக்கு வருவது என்பது விஞ்ஞானத்தில் இல்லாத வேலை. பல பறப்புகள் வேண்டும். தூவிய முகிலும் தூவாத முகிலும் பக்கத்தில் பக்கத்தில் வேண்டும். எதில் தூவுவது என்பதைக் குலுக்கல் முறையில் தீர்மானிக்க வேண்டும்.

இதைவிடவும் எனக்குப் பிடித்தது, கருவியே பொய் சொன்ன கதை.

பனி முகில்களுக்குள் பறந்த விமானங்கள் பல ஆண்டுகளாக மிகச் சிறிய பனித்துணிக்கைகளைப் பெருந்தொகையாக எண்ணிக்கொண்டு வந்தன. இவ்வளவு எங்கிருந்து வருகின்றன என்று விளங்கவில்லை. விளக்கம் சொல்லக் கோட்பாடுகள் எழுந்தன. காலநிலை மாதிரிகளில் அந்த எண்கள் புகுந்தன. உயரமான முகில்கள் எவ்வளவு வெயிலைத் திருப்பி அனுப்புகின்றன என்ற கணக்கு அவற்றில் தங்கியிருந்தது. சிலருக்கு மட்டும் சந்தேகம் இருந்தது. கருவியின் முன்னே இரண்டு கைகள் நீட்டிக்கொண்டிருக்கும். அவற்றுக்கு இடையில்தான் லேசர் கற்றை. செக்கனுக்கு 100 மீற்றருக்கும் அதிகமான வேகத்தில் போகும் அந்தக் கைகளின் நுனியில் ஒரு பெரிய பனிப்பளிங்கு மோதினால் என்ன ஆகும்? நொருங்கும். நொருங்கிய துகள்கள் கற்றைக்குள் தெறித்து விழும். கருவி ஒவ்வொரு துகளையும் ஒரு தனிப் பளிங்காக எண்ணும்.

கனடாவின் சுற்றாடல் திணைக்கள விஞ்ஞானி அலெக்சி கொறோலெவும் அவருடைய குழுவினரும் இதைப் பிடித்துக் காட்டினார்கள். காற்றுச் சுரங்கத்தில் அதிவேகக் கமரா வைத்து, பளிங்கு உடைந்து தெறிப்பதைப் படமாகவே எடுத்தார்கள். கைகளின் நுனியை வேறு வடிவத்தில் செதுக்கி, தெறிக்கும் துகள்கள் கற்றைக்கு வெளியே போகும்படி செய்தார்கள். 2009 இல் ஒட்டாவாவில் கொன்வெயர் விமானம் ஒன்றின் இறக்கையில் பழைய நுனியுள்ள கருவியையும் புதிய நுனியுள்ள கருவியையும் பக்கத்தில் பக்கத்தில் பொருத்திப் பறந்தார்கள். முகில் ஒன்று, நேரம் ஒன்று, எண்கள் வேறு. சிறு துணிக்கைகளின் எண்ணிக்கை சில இடங்களில் பத்து மடங்குக்கும் மேலாக ஊதிப் போயிருந்தது தெரியவந்தது. உடைந்த துகள்கள் கூட்டமாக, ஒன்றன் பின் ஒன்றாக மிகக் குறுகிய இடைவெளியில் வரும் என்பதை வைத்து, பழைய பதிவுகளில் இருந்து அவற்றைக் கழிக்கும் முறையும் வந்தது. ஆனாலும் எல்லாப் பழைய தரவுகளையும் அப்படி மீட்டெடுக்க முடியவில்லை.

எண்ணிக்கை பற்றிய சர்ச்சை எங்கள் வாசகர்களுக்குப் புதியதல்ல. அதனால்தான் இந்தக் கதையில் ஒரு விடயத்தை நான் முக்கியமாகக் காண்கிறேன். அந்தப் பிழையை வெளியில் இருந்து எவரும் வந்து சொல்லவில்லை. அந்தக் கருவிகளோடு தங்கள் காலத்தைக் கழித்தவர்களே, தங்கள் கருவியின் மேலேயே வழக்குப் போட்டார்கள். அப்படி ஒரு வழக்கைத் தாங்கி நின்ற எண்ணைத்தான் நம்பலாம்.

இனிச் செயற்கை மழைக்கு வருவோம். இதுவரை செய்யப்பட்டவற்றில் மிகத் தெளிவான அளவீடு, 2017 இல் அமெரிக்காவின் ஐடஹோ மாநில மலைகளில் நடந்தது. ஒரு விமானம் வெள்ளி அயடைட்டைத் தூவியது. வயோமிங் பல்கலைக்கழகத்தின் இன்னொரு விமானம், ராடாரும் மேலே சொன்ன நிழற்படக் கருவிகளும் பூட்டிக்கொண்டு, அதே முகிலுக்குள் குறுக்கும் மறுக்குமாகப் பறந்தது. தூவிய பாதையில் மட்டும் பனிப்பளிங்குகள் வளர்வதும் மற்ற இடத்தில் இல்லாததும் பதிவாகின. மூன்று சந்தர்ப்பங்களில் தரையில் விழுந்த பனியையும் கணக்கிட்டார்கள். 2020 இல் வெளியான முடிவின்படி, அந்த மூன்று தடவையும் கிடைத்த நீர் ஏறத்தாழ 1 இலட்சத்து 20 ஆயிரம் முதல் 3 இலட்சத்து 40 ஆயிரம் கன மீற்றர் வரை.

இது பெரிய தொகையா? இரணைமடுக் குளத்தின் கொள்ளளவு 13 கோடி கன மீற்றருக்கு மேல். ஐடஹோவில் கிடைத்த ஆகக் கூடிய தொகையைப் போல 380 தடவை கிடைத்தால்தான் இரணைமடு நிரம்பும். அதுவும் ஐடஹோவில் இருந்தது மலையில் மோதி எழும் குளிர்கால முகில். வன்னியின் ஆவணி வானத்தில் அப்படி ஒன்று கிடையாது.

இந்தியாவிலும் காத்திரமான முயற்சி ஒன்று உண்டு. புனேயில் உள்ள வெப்பமண்டல வானிலை ஆய்வு நிறுவனம் 2018, 2019 ஆம் ஆண்டுகளில் மகாராஷ்டிராவின் சோலாப்பூரில் இரண்டு விமானங்களைக் கொண்டு வேலை செய்தது. ஒன்று கல்சியம் குளோரைட்டுச் சுடர்களை எரித்தது, மற்றது அளந்தது. 276 முகில்கள் ஆராயப்பட்டன; தூவுவதா விடுவதா என்பது குலுக்கலில் தீர்மானிக்கப்பட்டது. 100 சதுர கிலோமீற்றர் பரப்பில் சராசரியாக 18 வீதம் மழை கூடியதாக 2023 இல் அறிவித்தார்கள். இதை நான் மதிக்கிறேன். 18 வீதம் கூடியது என்றால் ஏற்கனவே பெய்யவிருந்த மழையில் கூடியது என்றுதான் பொருள். வரண்ட வானத்தில் 18 வீதம் என்பது பூச்சியத்தின் 18 வீதம்.

இலங்கையில் நடந்ததையும் இந்த இடத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். 2019 மார்ச்சில், நீர்மின் உற்பத்தி வீழ்ச்சியடைந்திருந்த வேளை, தாய்லாந்து நிபுணர்களின் உதவியுடன் விமானப்படையின் வை-12 விமானம் மவுசாகலை நீர்த்தேக்கத்துக்கு மேலாக இரசாயனத்தைத் தூவியது. பின்னர் மழை பெய்தது என்ற செய்தி வந்தது. முயற்சி வெற்றி என்று எழுதப்பட்டது. மார்ச், ஏப்ரல் மாதங்கள் இடைப்பருவ காலம் என்பது மலையகத்தில் வாழும் எவருக்கும் தெரியும். பிற்பகலில் இடியோடு மழை பெய்வது அப்போது வழமை. தூவாமல் விட்டிருந்தால் பெய்திருக்குமா, பெய்யாதா? பக்கத்து முகிலில் என்ன நடந்தது? சூடும் சுரணையும் உள்ள ஒரு சாதாரண தரப் பிள்ளையே கேட்கக்கூடிய கேள்விகள் இவை. விடை சொல்ல ஒரு ஒப்பீட்டு முகில் வேண்டும், ஒரு அளவுகருவி வேண்டும். மழை பெய்ததைக் காட்டுவது மட்டும் சான்றாகாது.

இதே அளவுகோலைச் சந்தேகத்தின் பக்கமும் வைத்தால்தான் நியாயம். 2024 ஏப்ரலில் டுபாய் வெள்ளத்தில் மூழ்கியபோது, ஐக்கிய அரபு இராச்சியத்தின் செயற்கை மழைத் திட்டத்தின் மேல் உலகம் முழுவதும் பழி விழுந்தது. அந்நாட்டு வானிலை நிலையம் அந்தப் புயலின்போது தூவவில்லை என்று மறுத்தது. மறுப்பை நம்புவதும் விடுவதும் ஒருபுறம் இருக்கட்டும், கணக்கைப் பாருங்கள். யாழ்ப்பாண மாவட்டத்தின் பரப்பளவு ஏறத்தாழ 1,000 சதுர கிலோமீற்றர். அதன் மேல் 300 மில்லிமீற்றர் மழை பெய்தால் விழும் நீர் 30 கோடி கன மீற்றர். ஐடஹோவில் கண்ட ஆகக் கூடிய விளைவைப் போல ஏறத்தாழ 880 மடங்கு. டித்வா நனைத்தது ஒரு மாவட்டத்தை அல்ல, நாட்டின் பெரும்பகுதியை. வங்காள விரிகுடாவின் சூடான கடல் கொடுத்த ஈரத்தை எந்த விமானத்தின் சுடராலும் கொடுக்க முடியாது. ஆகவே என்னிடம் கேட்டவர்களுக்கு நான் சொன்ன பதில்: இல்லை, எவரும் ஏவவில்லை. ஏவப்பட்டது என்று நினைத்துக்கொண்டிருந்தால், எச்சரிக்கை ஏன் உரிய நேரத்தில் உரிய மொழியில் வந்து சேரவில்லை என்ற கேள்வி தப்பித்துப் போய்விடும்.

எங்கள் வானத்துக்கு அண்மையிலும் இந்தக் கருவிகள் பறந்திருக்கின்றன. தமிழ்நாட்டில் பிறந்த விஞ்ஞானி வீரபத்திரன் ராமநாதன், 1999 இல் மாலைதீவைத் தளமாகக் கொண்டு இந்து சமுத்திரப் பரிசோதனையைத் தலைமையேற்று நடத்தியவர்களில் ஒருவர். இந்தியத் துணைக்கண்டத்தின் புகை கடலுக்கு மேலே பல கிலோமீற்றர் தடிப்பில் படர்ந்திருப்பதை அப்போதுதான் முறையாக அளந்தார்கள். 2006 மார்ச்சில் அவர் மீண்டும் மாலைதீவுக்கு வந்தார். இம்முறை மூன்று சிறிய ஆளில்லா விமானங்கள். ஒன்று முகிலுக்குக் கீழே, ஒன்று உள்ளே, ஒன்று மேலே, ஒரே நேரத்தில் ஒன்றன்மேல் ஒன்றாகப் பறந்தன. ஒவ்வொன்றும் சுமந்தது 5 கிலோவுக்கும் குறைந்த கருவிகள். உள்ளே போனது துளிகளை எண்ணியது. கீழே போனது புகைத் துணிக்கைகளை எண்ணியது. மேலே போனது வெயிலை அளந்தது. புகை கலந்த முகில்களில் துளிகள் சிறுத்து, எண்ணிக்கையில் பெருகுவதை இப்படித்தான் நேரடியாகக் கண்டார்கள். புகைப்படலம் கீழ்வளிமண்டலத்தின் சூரிய வெப்பமூட்டலை ஏறத்தாழ 50 வீதம் கூட்டுகிறது என்ற முடிவும் இதில் இருந்துதான் வந்தது.

2006 என்றால் வன்னியில் எங்களுக்கு வேறு ஒரு ஆளில்லா விமானம்தான் தெரியும். அதை வண்டு என்றோம். அதன் இரைச்சல் கேட்டால் பிள்ளைகளைப் பதுங்குகுழிக்கு இழுத்தோம். அதே ஆண்டில், பக்கத்துக் கடலில், அதே வகைப் பொறி ஒன்று துளி எண்ணிக்கொண்டிருந்ததைப் பல வருடங்களின் பின் வாசித்தபோது எனக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. இன்றும் ட்ரோன் சத்தம் கேட்டால் நிமிர்ந்து பார்க்கிற கை வேலை நின்றுவிடும் மனிதர்கள் எங்கள் ஊரில் இருக்கிறார்கள். வானிலை ஆய்வுக்காக எவராவது இங்கே எதையாவது பறக்கவிட நினைத்தால், முதலில் ஊர்க்கூட்டம் வைத்துச் சொல்லிவிட்டுப் பறக்க விடுவது நல்லது.

ஆனால் எங்களுக்கு விமானம் தேவையா என்று கேட்டால், இப்போதைக்கு இல்லை என்பேன். அத்திலாந்திக் சமுத்திரத்தில் சூறாவளிக்குள் ஒழுங்காகப் பறந்து அளக்கும் விமானங்களை அமெரிக்கா வைத்திருக்கிறது. வங்காள விரிகுடாவுக்கு அப்படி ஒழுங்கான பறப்பு எதுவும் இல்லை. இங்கே கடலில் பெய்யும் மழையைச் செய்மதிதான் கணிக்கிறது. 2014 இல் அமெரிக்காவும் யப்பானும் சேர்ந்து ஏவிய மழை அளவீட்டுச் செய்மதியின் ராடார், திரும்பி வரும் அலையில் இருந்து மழையைக் கணிப்பதற்குத் துளிகளின் பருமன் இப்படி இப்படி இருக்கும் என்ற எடுகோள் ஒன்று வேண்டும். அந்த எடுகோள்களைச் சரிபார்க்க விமானக் கருவிகள் பறந்த இடங்களில் ஒக்லஹோமாவும் வொஷிங்டன் மாநிலக் கரையும் அடங்கும். ஐப்பசி, கார்த்திகையில் முல்லைத்தீவுக் கடலில் இருந்து ஏறிவரும் முகிலின் துளிகளும் அதே பருமன்தானா என்பதை இங்கே அளந்துதான் சொல்ல முடியும்.

அதற்கு இறக்கையில் பொருத்தும் கருவி அவசியமில்லை. நொலன்பேர்க்கின் அதே நிழல் தத்துவத்தில், ஒரு கம்பத்தில் நட்டுவைக்கும் துளிமானிகள் இன்று பல நாடுகளில் பாவனையில் உள்ளன. இரண்டு கைகள், நடுவே ஒரு ஒளிக்கற்றை. விமானம் துளியை நோக்கிப் போவதற்குப் பதிலாகத் துளி கருவியை நோக்கி விழுகிறது. யாழ்ப்பாணம், கிளிநொச்சி, வவுனியா, திருகோணமலை, மட்டக்களப்பு என்று ஐந்து இடங்களில், பல்கலைக்கழக வளாகங்களிலோ விவசாயக் கல்லூரிகளிலோ வைத்தால் போதும். ராடார் எதிர்காலத்தில் முழுமையாக இயங்கும்போது அதைச் சரிபார்க்கவும் இவைதான் உதவும். யப்பானிய உதவியுடன் டொப்ளர் ராடார் அமைக்கும் உடன்படிக்கை 2017 இல் கைச்சாத்தானது என்பது நினைவிருக்கலாம். குளங்களின் வான்கதவை எப்போது திறப்பது என்று தீர்மானிக்கும் நீர்ப்பாசனப் பொறியியலாளருக்கு, மேலே பெய்வது தூறலா, பெருந்துளி மழையா என்பது அரை மணித்தியாலம் முன்னரே தெரிந்தால் கீழே உள்ள ஊர்களுக்கு ஆட்டோவில் அறிவிப்புச் செய்ய நேரம் கிடைக்கும்.

காலபோக விதைப்புக்கு மழை பிந்துகிற ஏதோ ஒரு வருடத்தில், வடக்குக்கும் செயற்கை மழை என்று ஒரு அறிவிப்பு வரத்தான் போகிறது. தேர்தல் ஆண்டாக இருந்தால் நிச்சயம் வரும். அன்று விமானத்தின் இறக்கைக்குக் கீழே சுடர்த்தட்டு மட்டும் தொங்குகிறதா, பக்கத்தில் லேசர் கருவியும் இருக்கிறதா என்று படத்தைப் பெரிதாக்கிப் பாருங்கள். எந்த முகிலில் தூவாமல் விட்டீர்கள் என்று கமக்காரர் அமைப்பின் கூட்டத்தில் எழுந்து கேளுங்கள்.